பேசிய ஒரு தாள், பேசாத இரண்டு தாள்: பீல் புதையல் சங்கேதம்

பள்ளிக்கூட நாட்களில் பலரும் ‘க பாஷை’ பேசியிருப்போம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’ போட்டால் போதும். ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’ ஆகிவிடும். வேகமாகப் பேசினால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ஆனால் எப்படிப் பேசுவது என்று தம்பிக்குத் தெரிந்த அன்றோடு அந்த விளையாட்டு செத்துப்போகும். முறை வெளியே தெரிந்தால் ரகசியமும் போச்சு.

நிஜமான சங்கேதம் அப்படிப் போகக் கூடாது. கடையில் விற்கும் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பூட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டுச் சாவி இல்லாமல் உங்கள் கதவு திறக்காது. சங்கேதமும் அதே மாதிரிதான். முறையை ஊருக்கே சொல்லலாம், சாவியை மட்டும் மறைத்தால் போதும். இந்தச் சாவி தொலைந்துபோய், பூட்டிய பெட்டி மட்டும் மிச்சமாகி, அந்தப் பெட்டிக்குள் டன் கணக்கில் தங்கம் இருக்குமிடம் எழுதியிருக்கிறது என்று யாராவது சொன்னால்? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1885ல் ஒருவர் அப்படித்தான் சொன்னார். இன்றுவரை அந்த மாநிலத்து மலையடிவாரத்தில் குழி தோண்டுகிறவர்கள் ஓயவில்லை.

அந்தக் கதைக்குள் போவதற்குமுன் அதில் வரும் பூட்டைப் புரிந்துகொள்வோம். அதற்குப் பெயர் நூல் சங்கேதம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஏதாவது ஒரு நூலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதிலுள்ள சொற்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போடுகிறார்கள். எந்த எழுத்து வேண்டுமோ அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடி, அதன் எண்ணை எழுதுகிறார்கள். கடிதம் முழுக்க வெறும் எண்கள்.

திருக்குறளையே சாவியாக வைத்துப் பார்க்கலாம். முதல் மூன்று குறளிலும் சீர் சீராக எண் போடுங்கள். ‘அகர’ 1, ‘முதல’ 2, ‘எழுத்தெல்லாம்’ 3, ‘ஆதி’ 4 என்று போனால் இரண்டாம் குறளின் ‘வாலறிவன்’ 11 ஆகும். மூன்றாம் குறளின் ‘நீடுவாழ்’ 20, ‘வார்’ 21. இப்போது ‘நீ வா’ என்று எழுத 20, 11 போதும். அல்லது 20, 21. ‘வா’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு எண்கள் கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். நூல் நீளமாக நீளமாக ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து, இருபது எண்கள் சேர்ந்துவிடும், நினைத்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

இதிலேயே ஒரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. சொல் பிரித்து அச்சிட்ட பதிப்பில் ‘நீடுவாழ்வார்’ என்று சேர்ந்தே இருக்கும். அதை ஒரே சொல்லாக எண்ணுகிறவருக்கு 21ஆம் சொல் நாலாம் குறளின் ‘வேண்டுதல்’. நான் ‘நீ வா’ என்று அனுப்பியது அவருக்கு ‘நீ வே’ என்று போய்ச்சேரும். இந்தச் சின்னப் பிசகை மறக்க வேண்டாம், மறுபடியும் வரும்.

(தமிழில் இந்த முறை அத்தனை வசதிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு 247 எழுத்து. அதிலும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. ‘மரம்’ என்று எழுத வேண்டுமென்றால் கடைசி ‘ம்’முக்கு எங்கே போவது? ஆங்கிலத்தில் 26 எழுத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.)

சரி, எண்களாக மாற்றுவதால் என்ன லாபம்? சாதாரணச் சங்கேதங்களை உடைக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதிவைத்தது. ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். ஆங்கில உரைநடையில் ‘ஈ’ என்ற எழுத்து மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை வரும். ஓர் எழுத்துக்கு ஒரே குறி என்று எழுதப்பட்ட சங்கேதத்தில் எந்தக் குறி மிக அதிகமாக வருகிறதோ அதுதான் ‘ஈ’ என்று ஊகித்து, அங்கிருந்து நூல் பிடித்துப் போய்விடலாம். நூல் சங்கேதத்தில் ‘ஈ’க்கு முப்பது எண்கள் கூட இருக்கலாம். எதுவும் தலைதூக்கித் தெரியாது. எண்ணிக்கை பார்ப்பவருக்குக் கையில் ஒன்றும் சிக்காது.

இப்போது கதை.

1885ல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் 23 பக்கச் சிறு புத்தகம் ஒன்று வெளிவந்தது. விலை 50 சென்ட். எழுதியவர் பெயர் இல்லை. வெளியிட்டவர் ஜேம்ஸ் வார்ட் என்று மட்டும் இருந்தது. அதன்படி 1820 ஜனவரியில் தாமஸ் பீல் என்ற உயரமான, கறுத்த கண்ணும் கறுத்த முடியும் கொண்ட ஆள் லிஞ்ச்பர்க்கில் ராபர்ட் மோரிஸ் நடத்திய விடுதிக்கு வந்து தங்கினார். இரண்டு மாதம் போலத் தங்கிவிட்டுப் போனார். மறுபடி 1822 தொடக்கத்தில் வந்தார். கிளம்பும்போது பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றை மோரிஸிடம் ஒப்படைத்தார். பத்திரமாக வைத்திருங்கள் என்றதோடு சரி. அந்த வருடம் மே 9 தேதியிட்டு செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து வருடத்துக்குள் நானோ என் ஆட்களோ வராவிட்டால் பெட்டியைத் திறங்கள். உள்ளே இருக்கும் தாள்கள் சாவி இல்லாமல் புரியாது. சாவியை ஒரு நண்பரிடம் கொடுத்திருக்கிறேன், 1832 ஜூனில் அது உங்களுக்கு வந்துசேரும். இதுதான் கடிதத்தின் சாரம்.

பீல் வரவில்லை. சாவியும் வரவில்லை. மோரிஸ் 1845ல்தான் பெட்டியை உடைத்துத் திறந்தார். அடுத்தவர் பெட்டியைத் தொடாமல் இத்தனை வருடம் காத்திருந்த மனிதரைப் பாராட்டுவதா, இவ்வளவு ஆர்வமில்லாத ஒருவர் இருந்திருப்பாரா என்று சந்தேகப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கடிதங்களும், எண்கள் மட்டுமே நிரம்பிய மூன்று தாள்களும். பீலும் இன்னும் 29 பேரும், ஆக 30 பேர், 1817ல் காட்டெருமை வேட்டைக்கு மேற்கே போனார்களாம். சாந்தா ஃபேவுக்கு வடக்கே 250, 300 மைல் தள்ளித் தங்கத்தைக் கண்டார்களாம். தோண்டி எடுத்து, இரண்டு தவணையாக வர்ஜீனியாவுக்கு வண்டியேற்றிக் கொண்டுவந்து புதைத்தார்களாம். முதல் தாளில் இடம், இரண்டாம் தாளில் பொருள், மூன்றாம் தாளில் பங்காளிகளின் பெயரும் அவர்கள் உறவினர் இருக்குமிடமும். எல்லாவற்றையும் 31 பங்காக்கி, ஒரு பங்கை மோரிஸ் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மோரிஸ் திணறிவிட்டு, சாவதற்குக் கொஞ்சம் முன்னால், 1862ல் ஒரு நண்பரிடம் எல்லாவற்றையும் கொடுத்தார். அந்தப் பெயர் தெரியாத நண்பர்தான் புத்தகத்தை எழுதியவர். ஏதோ நல்ல நேரம், இரண்டாம் தாளுக்கு அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் சாவி என்று தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டாராம்.

இந்த இடத்தில் நாமே உட்கார்ந்து கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம், அதில்தான் சுவை. 1776ல் எழுதப்பட்ட அந்தப் பிரகடனம் ‘வென் இன் த கோர்ஸ் ஆஃப் ஹியூமன் ஈவென்ட்ஸ்’ என்று தொடங்கும். ‘வென்’ 1, ‘இன்’ 2, ‘த’ 3, ‘கோர்ஸ்’ 4, ‘ஆஃப்’ 5, ‘ஹியூமன்’ 6, ‘ஈவென்ட்ஸ்’ 7. இரண்டாம் தாளில் ஒரு துண்டு இப்படி இருக்கிறது: 52, 49, 17, 31, 62, 647, 22, 7, 15. பிரகடனத்தில் 52ஆம் சொல் ‘டீசென்ட்’, அதன் முதலெழுத்து டி. 49 ‘என்டைட்டில்’, ஈ. 17 ‘பொலிட்டிகல்’, பி. 31 ‘ஆஃப்’, ஓ. 62 ‘ஷுட்’, எஸ். 647இல் ஐ. 22 ‘தெம்’, அதற்கான டி. 7 ‘ஈவென்ட்ஸ்’, ஈ. 15 ‘டிசால்வ்’, டி. சேர்த்துப் படித்தால் ‘டெபாசிட்டட்’. வங்கியில் நாம் போடும் அதே டெபாசிட்தான். ஒரே சொல்லில் வரும் இரண்டு ஈக்கும் இரண்டு வேறு எண்கள், 49ம் 7ம்.

இப்போது நான் மறக்க வேண்டாம் என்ற பிசகு. பிரகடனத்தில் ‘செல்ஃப்-எவிடென்ட்’ என்று நடுவில் கோடு போட்ட ஒரு சொல் வருகிறது. அது ஒரு சொல்லா, இரண்டா? சங்கேதம் எழுதியவர் இரண்டாக எண்ணியிருக்கிறார். ‘செல்ஃப்’ 78, ‘எவிடென்ட்’ 79. அதனால்தான் 29, 107, 79 என்ற எண்கள் ‘த’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தருகின்றன: ‘த’, ‘ஹாப்பினஸ்’, ‘எவிடென்ட்’ ஆகியவற்றின் முதலெழுத்துகள். அதை நீங்கள் ஒரே சொல்லாக எண்ணினால் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் ஒன்று நகர்ந்து, 107ம் 79ம் ‘தட்’ என்ற சொல்லில் போய் விழும். ‘த’ என்பதற்குப் பதில் ‘டி, டி, டி’ என்று பல்லிளிக்கும். சாவி நூல் கையிலிருந்தும் ஒரு கோட்டை எப்படி எண்ணுவது என்று தெரியாமல், இது சாவி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடலாம். நம் ‘நீடுவாழ் வார்’ கதைதான்.

இத்தோடு முடியவில்லை. சங்கேதம் எழுதியவர் ஓரிடத்தில் எண்ணிக்கையில் பத்துச் சொல்லையே விட்டுவிட்டிருக்கிறார். பிரகடனத்தில் ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும் சொல் கிடையாது. ஆகவே 1005 என்ற எண்ணை ‘எக்ஸ்’ என்றே வைத்துக்கொண்டுவிட்டார். இத்தனை கோணலையும் சரிக்கட்டினால் 763 எண்களும் ஒழுங்கான ஆங்கிலமாகின்றன. பெட்ஃபோர்ட் மாவட்டத்தில், பியூஃபோர்ட் என்ற இடத்திலிருந்து சுமார் நாலு மைலில், தரையிலிருந்து ஆறடி ஆழத்தில் கல் பாவிய நிலவறை. 1819 நவம்பரில் வைத்தது 1,014 பவுண்டு தங்கமும் 3,812 பவுண்டு வெள்ளியும். 1821 டிசம்பரில் வைத்தது 1,907 பவுண்டு தங்கமும் 1,288 பவுண்டு வெள்ளியும். சுமை குறைக்கச் செயின்ட் லூயிஸில் வெள்ளியைக் கொடுத்து வாங்கிய 13,000 டாலர் மதிப்புள்ள நகைக்கற்கள். எல்லாம் இரும்பு மூடி போட்ட இரும்புப் பானைகளில். கடைசியில், சரியான இடம் ஒன்றாம் எண் தாளில் இருக்கிறது, கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்காது என்று ஒரு ஆறுதல் வேறு.

தங்கத்தை மட்டும் கூட்டினால் 2,921 பவுண்டு, அதாவது 1,300 கிலோவுக்கு மேல். நம் கணக்கில் ஒன்றரை லட்சம் சவரனைத் தாண்டுகிறது. இதைப் படித்தபின் எத்தனை பேருக்குத் தூக்கம் வரும்?

மற்ற இரண்டு தாள்களும் ஏன் திறக்கவில்லை? பிரகடனத்தை வைத்துப் பார்த்தால் குப்பையாகத்தான் வருகிறது. அப்படியானால் வேறு நூல். அமெரிக்க அரசியல் சாசனம், பைபிள், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எண் போட்டுப் பார்த்தாயிற்று. முதல் தாளில் மிகப்பெரிய எண் 2906. ஆகவே சாவி நூலில் குறைந்தது அத்தனை சொல்லாவது இருக்க வேண்டும். 1822க்கு முன் அச்சான ஆங்கில எழுத்து எதுவும் தகுதி பெறும். அச்சாகாததும் பெறும்: பீல் கையால் எழுதிய ஒரு கடிதமே சாவி என்றால், அது அழிந்துபோயிருந்தால், தேடுவதற்கு எதுவும் இல்லை.

அல்-கிந்தியின் வழியும் இங்கே நொண்டுகிறது. முதல் தாளில் 520 எண்கள். அவற்றில் ஏறத்தாழ 300 வெவ்வேறு எண்கள். பெரும்பாலானவை ஓரிரு முறைதான் தலைகாட்டுகின்றன. எண்ணிப் பார்க்க ஒரு பொருள் பலமுறை வந்தால்தானே அதன் போக்கு தெரியும்?

இதன் இன்னொரு பக்கம்தான் தொடக்கநிலை வாசகர்கள் அவசியம் பிடித்துக்கொள்ள வேண்டியது. இணையத்தில் தேடினால் பீல் தாள்களை ‘உடைத்துவிட்டோம்’ என்கிறவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விடை, எல்லாமே படிக்க ஓரளவு ஆங்கிலமாகத்தான் இருக்கும். எப்படி? 520 எழுத்து எழுத வேண்டும், அதில் 300 இடத்தில் உங்கள் இஷ்டத்துக்கு எழுத்துப் போடலாம் என்றால் கிட்டத்தட்ட எந்தச் சேதியையும் அந்த எண்களின் மேல் உட்காரவைத்துவிடலாம். குறுக்கெழுத்துப் புதிரை எண்ணிப் பாருங்கள். இடமிருந்து வலமாக வரும் சொல் சரிதான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? மேலிருந்து கீழாக வரும் சொல் அதை வெட்டிக்கொண்டு போவதால். வெட்டும் கட்டமே இல்லாத குறுக்கெழுத்தில் எதை நிரப்பினாலும் சரிதான், எல்லாம் தப்புதான்.

இரண்டாம் தாளின் விடையை மட்டும் ஏன் நம்புகிறோம் என்பதற்கும் இதுவே பதில். அங்கே சாவி வெளியிலிருந்து வந்தது. 1776லேயே உறைந்துபோன ஒரு பிரகடனத்தை யாரும் தன் வசதிக்கு வளைக்க முடியாது. அதை வைத்துத் திறந்ததும் 763 எழுத்தும், மேலே சொன்ன ஒருசில எண்ணும் பிழைகளைத் தாண்டி, தானாக வரிசையில் நின்றன. இனி யாராவது ஒன்றாம் தாளை உடைத்ததாகச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி சேதி என்ன என்பதல்ல. சாவி என்ன, அதை என் கையில் கொடுத்தால் நானும் அதே சேதிக்கு வந்துசேர்வேனா என்பதுதான். ‘இந்த எண்ணை மட்டும் தலைகீழாக எடுக்க வேண்டும், அந்த எண்ணில் ஏழைக் கழிக்க வேண்டும்’ என்று விதிவிலக்குகள் கூடக்கூட விடை கரைந்துகொண்டே போகும்.

1980ல் ஜேம்ஸ் கில்லோக்லி என்ற கணினி அறிஞர் விளையாட்டுப் போல ஒரு காரியம் செய்தார். முதல் தாளுக்குப் பிரகடனம் பொருந்தாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பொருத்தி, வரும் குப்பையை உற்றுப் பார்த்தார். நட்ட நடுவில் இப்படி ஒரு வரிசை: ஏ, பி, எஃப், டி, ஈ, எஃப், ஜி, எச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, எச், பி, பி. ஆங்கில அரிச்சுவடி! சின்னச் சின்னத் தடுமாற்றத்தோடு. மூன்றாவதாகச் ‘சி’ வர வேண்டிய இடத்தில் ‘எஃப்’ வந்திருக்கிறது. அந்த இடத்து எண் 195, பிரகடனத்தில் ‘ஃபார்’ என்ற சொல். அதற்கு ஒன்று முந்தைய 194ஆம் சொல் ‘சேஞ்ச்டு’, சி. ஓர் எண் பிசகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது தற்செயலாக நேராது. முதல் தாளை எழுதியவர் எண் போட்ட பிரகடனத்தைப் பக்கத்தில் வைத்திருந்தார் என்று இது கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது. கில்லோக்லியின் முடிவு: எழுதியவருக்குச் சொல்ல எந்தச் சேதியும் இல்லை, பக்கத்தை எண்களால் நிரப்ப வேண்டியிருந்தது, நிரப்பிக்கொண்டே போனவர் அலுப்பில் ஏ, பி, சி என்று வரிசையாகப் பொறுக்கியிருக்கிறார். இந்தக் கில்லோக்லி சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் வளாகத்தில் நிற்கும், சங்கேத எழுத்துகள் பொறித்த கிரிப்டோஸ் சிற்பத்தின் நான்கு பகுதிகளில் மூன்றைக் கணினியால் உடைத்ததாக 1999ல் அறிவித்தவர்.

நம்புகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த அரிச்சுவடி இருப்பதே உள்ளே ஒழுங்கு இருக்கிறது என்பதற்குச் சாட்சி; சேதியை முதலில் ஒரு சாவியால் பூட்டி, பிறகு பிரகடனத்தால் இன்னொரு முறை பூட்டியிருக்கிறார்கள், அதனால்தான் இப்படித் தெரிகிறது என்கிறார்கள். யுனிவாக் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஹாமர், அதற்கு முன்பே புள்ளிவிவர ஆய்வு செய்து, இந்த எண்கள் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கியவை அல்ல என்று சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பிரகடனத்தை வைத்து எண்களைப் பொறுக்கினால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்யும். ஒழுங்கு இருப்பதாலேயே உள்ளே சேதி இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், புரட்டு என்கிற பக்கம். அரிச்சுவடி ஒரு காரணம். மூன்றாம் தாள் இன்னொன்று. அதில் 618 எண்கள்தான். முப்பது பேரின் பெயர், ஊர், உறவினர் விவரம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இருபது எழுத்து. ‘தாமஸ் ஜெஃபர்சன் பீல்’ என்ற பெயரே ஆங்கிலத்தில் இருபது எழுத்தைத் தின்றுவிடும். ஊர் எங்கே, உறவு எங்கே? அடுத்து மொழி. பீல் 1822ல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில், மிரண்டோடும் எருமைக் கூட்டத்துக்கு ‘ஸ்டாம்பீட்’ என்ற சொல் வருகிறது. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் அச்சில் புழங்கத் தொடங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். மேலும் பீலின் கடித நடையும் பெயரில்லாத ஆசிரியரின் நடையும் ஒரே கையிலிருந்து வந்தவை போலிருக்கின்றன என்று ஜோ நிக்கல் போன்ற ஆய்வாளர்கள் 1980களில் ஒப்பிட்டுக் காட்டினார்கள். தவிர, மூன்றரை டன் உலோகத்தை ஆயிரம் மைலுக்கும் மேலே வண்டியில் இழுத்துவந்த முப்பது பேரில் ஒருவர்கூட மனைவியிடமோ மதுக்கடையிலோ வாய் திறக்கவில்லை என்பதை எந்த ஊர்க்காரராலும் நம்ப முடியுமா?

இருந்தாலும் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் தாளில் அந்த எண்ணும் பிழைகள் எதற்கு? ஏமாற்ற நினைத்தவர் தானே சாவியையும் வெளியிடுகிறார், சுத்தமாக எண்ணியிருக்கலாமே. அவசரக்காரர் என்று பதில் சொல்லலாம். உண்மையில் யாரோ மெழுகுவத்தி வெளிச்சத்தில் எண்ணித் தப்புவிட்ட தாள் அவர் கைக்கு வந்தது என்றும் சொல்லலாம். இந்த மாதிரிச் சின்னச் சின்ன முட்களால்தான் ஆட்கள் இன்னும் விடாமல் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் சங்கேத நிபுணர் வில்லியம் ஃபிரீட்மன் கூட இந்தத் தாள்களைத் தன் மாணவர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுத்தவர்தான்.

புதையலும் சங்கேதமும் ஜோடி போட்ட வேறு கதைகளும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஒன்று இருக்கிறது. 1721 ஏப்ரலில் கோவாவிலிருந்து லிஸ்பனுக்குப் போய்க்கொண்டிருந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று, புயலில் அடிபட்டு ரீயூனியன் தீவில் ஒதுங்கியிருந்தபோது கொள்ளையர் கையில் சிக்கியது. கோவாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வைஸ்ராயே அதில் இருந்தார். கொள்ளையர்களில் ஒருவரான ஒலிவியே லெவாசூரை, ‘லா பியூஸ்’ என்ற பட்டப்பெயர்க்காரரை, 1730 ஜூலை 7ல் அதே தீவில் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடையிலிருந்து ஒரு சங்கேதத் தாளைக் கூட்டத்துக்குள் வீசி, முடிந்தவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினாராம். அந்தத் தாள் என்று சொல்லப்படும் ஒன்று அச்சேறியது 1934ல், இருநூறு வருடம் கழித்து.

இதன் பூட்டு பீலுடையதற்கு நேர் எதிர். ‘பன்றிப்பட்டி’ முறை என்பார்கள். இரண்டு நெடுக்குக் கோடும் இரண்டு குறுக்குக் கோடும் போட்டு ஒன்பது கட்டம் ஆக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தை அடைத்துவிட்டு, எழுத்துக்குப் பதில் அந்தக் கட்டத்தின் வேலி வடிவத்தை வரைவது. பள்ளிப் பிள்ளைகளே உடைத்துவிடுவார்கள். இந்தத் தாளும் உடைந்துதான் போயிற்று. வந்தது என்ன? ஒரு ஜோடி புறாவை எடு, தேன் எடு என்று சமையல் குறிப்புக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் நடுவில் ஏதோ தட்டுத் தடுமாறும் பிரெஞ்சு. பூட்டு திறந்தும் வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டே செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவில் ரெஜினல்ட் குரூஸ்-வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1949 தொடங்கித் தோண்டினார், பிறகு அவர் மகன் தோண்டினார்.

கனடாவின் ஓக் தீவுப் புதைகுழியிலும் ஒரு சங்கேதக் கல் சொல்லப்படுகிறது. தொண்ணூறு அடி ஆழத்தில் கிடைத்தது, ‘நாற்பது அடிக்குக் கீழே இருபது லட்சம் பவுண்டு புதைந்திருக்கிறது’ என்று அதில் எழுதியிருந்தது என்பார்கள். கல்லையே காணோம். கல் இல்லாமல் சங்கேதத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை.

பெட்ஃபோர்ட் மாவட்டத்துக்கே திரும்புவோம். பியூஃபோர்ட் விடுதி இருந்த இடம் இன்றைய மான்ட்வேல். பின்னால் நீல மலைத்தொடர். பக்கத்து ரோனோக் நகரின் ஹார்ட் சகோதரர்கள் 1897ல் இந்த எண்களில் விழுந்தவர்கள். குறி சொல்பவரைக்கூட அழைத்துக்கொண்டு ராத்திரியில் தோண்டினார்கள். 1980களில் ஒரு பெண்மணி அங்கே ஒரு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தையே தோண்டிப் போலீஸில் மாட்டினார். இத்தனைக்கும் 1885ன் அந்தப் பெயரில்லாத ஆசிரியர் தன் புத்தகத்திலேயே எச்சரித்திருக்கிறார்: பிழைப்புப் போக மிஞ்சிய நேரத்தை மட்டும் இதில் செலவிடுங்கள், அப்படி நேரம் மிஞ்சவில்லை என்றால் இதைத் தொடவே தொடாதீர்கள், நான் இதில் விழுந்து வசதியை இழந்து வறுமைக்கு வந்தவன். அப்புறம் புத்தகத்தை 50 சென்ட்டுக்கு விற்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஞ்சுகிறவர்களுக்காக முதல் தாளின் தொடக்கம்: 71, 194, 38, 1701, 89, 76. பிரகடனத்தை எடுத்து எண் போட்டால் முதல் மூன்றும் எஸ், சி, எஸ் என்று வரும். நாலாவது எண்ணுக்கு வருவதற்குள் பிரகடனம் தீர்ந்துவிடும். அதிலிருப்பது 1,320 சொற்கள் சுமார்தான்.